முகிலனுக்கு இந்த வாரம் புதுசாக ஒன்றுமில்லை

1

ஊரை விட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நானும் மனைவி கோமதியும், பதினைந்து வயது முகிலனும், பன்னிரண்டு வயது யாழினியும். இங்கே வந்த பிறகு நான் விடாமல் செய்துவந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். உடற்பயிற்சியா என்று கேட்காதீர்கள், என் வயிற்றைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, அம்பத்தூரில் மாலை ஐந்தாகும்போது, போனைச் சுவரில் சாய்த்துவைத்து எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தக் கூட்டத்துக்கு இந்த வருடம் பத்து வயது. விழாவுக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வந்தோம். போகும்போது நான் கூட்டத்தில் ஒருவன். திரும்பும்போது இல்லை. என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கொன்றாகப் பேசிக்கொள்வதாகக் கேள்வி. நானே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ரெஜினா டீச்சர் சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்பத்தூரில் ஒரு தையல் வகுப்பின் மாடியைச் சனிக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கி, எங்களைப் போன்ற பெற்றோர்களை உட்காரவைத்துப் பேசவிடுவார். முகிலனுக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. அங்கே வருகிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான்.

டீச்சர் வைத்த விதி ஒன்றுதான். அழுவதற்கு முன்னால் 'புதுசு' சொல்ல வேண்டும். அந்த வாரம் உங்கள் பிள்ளை புதிதாகச் செய்த ஒரு காரியம். தம்ளரைக் கீழே போடாமல் வைத்தான், ஃபேனைக் காட்டிச் சிரித்தாள், எதுவானாலும் சரி. சொன்னதும் எல்லாரும் கைதட்டுவார்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றால் 'பாஸ்' என்று சொல்லிவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்க்கலாம். நான் முதல் நான்கு மாதமும் பாஸ்.

2

அப்போது நான் இருந்த இருப்பைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் வேலை. அங்கே ஒரு நூல் அளவு பிசகினாலும் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுகிறவன், வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் கோமதியிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். நீ டிவி போட்டுவிட்டதால்தான், நீ பேச்சுக் கொடுக்காததால்தான் என்று தினமும் ஒரு குற்றச்சாட்டு. உறவுக்காரர்கள் பத்திரிகை வைக்கும்போதே, "பையனை யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க" என்பார்கள். நாங்கள் யாருடைய கல்யாணத்துக்கும் போகவில்லை.

கூட்டத்துக்குப் போன முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் செல்வி. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவாள். பக்கத்து ஊரான பாடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அவள் மகன் தினேஷ், முகிலனைவிட ஒரு வயது பெரியவன். "என் பையன் போட்டிருக்கிற சட்டையைக் கடிச்சுக் கடிச்சுக் கிழிக்கிறான்" என்று நான் சொன்னேன்.

செல்வி என் பக்கம் திரும்பி, "எந்த எடம் அண்ணாத்தே? என் புள்ள காலரு. ஊட்ல ஒரு சட்டைக்கும் காலரு இல்ல. உன் புள்ள சட்டைக் கையயாச்சும் வுட்டு வச்சிக்கீறானா? அப்ப நீ கொடுத்து வச்சவன்" என்றாள்.

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு வருடமாகச் சிரிக்காதவன் சிரித்ததில் வயிறு பிடித்துக்கொண்டது.

இந்தக் கூட்டம் மட்டும் இல்லாவிட்டால் நான் குடும்பத்தையே உடைத்திருப்பேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இந்த மாதிரிக் கூட்டமே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு எந்த வரிசையில் நிற்பது, முடி வெட்டும்போது பிள்ளையை எப்படிப் பிடித்துக்கொள்வது, தெருவில் முறைக்கிறவர்களைத் திருப்பி முறைப்பது எப்படி, எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். கோமதி ஒரு வருடம் வந்தாள். பிறகு, "எனக்குப் போதும்ங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று நின்றுவிட்டாள். எனக்கு அது கோபம். அக்கறை இல்லாதவள் என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். பாவி.

3

ஜெர்மனிக்கு வந்த பிறகு கூட்டத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை ஏறிக்கொண்டது. 'ஜெர்மனி அண்ணாத்தே' என்று செல்வி பெயர் வைத்தாள், அதுவே நிலைத்தது. "அங்கல்லாம் ட்ரெயினிங் வேற லெவல்ல இருக்குமே சார்" என்பார்கள். வெளிநாட்டில் இருக்கிறவன் எப்படி பாஸ் சொல்வது? கூச்சமாக இருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலைகளில் முகிலனை உட்காரவைத்து அடுத்த நாளைக்கு ஒரு 'புதுசு' தயார்செய்ய ஆரம்பித்தேன். ஸ்பூனால் சாதம், தானே சாக்ஸ், சுவிட்சை அணைப்பது என்று ஏதாவது ஒன்று. போனைத் தூக்கிப் பிடிப்பேன். அவன் செய்வான். "சூப்பர்டா!" என்று கைதட்டுவேன். வீடியோ சனிக்கிழமை அம்பத்தூருக்குப் போய்விடும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. சனிக்கிழமைதான் வெளியே போகிற நாள். முகிலன் ஒரு மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிடுவான். ஒன்றரைக்குக் கூட்டம் தொடங்கும். நான் உள்ளங்கையைக் காட்டி, இரு என்பேன். ஒன்றரை மணி நேரம் நிற்பான். அவனைப் பற்றிப் பேசுவதற்காக அவனையே நிற்கவைத்தேன் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

போன பனிக்காலத்தில் பட்டன் வீடியோ எடுத்தேன். சட்டையில் ஐந்து பட்டன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். கடைசி இரண்டு பட்டனுக்குத் துணிக்கு அடியில் என் விரல் இருந்தது. அது தெரியாதபடி ஓரத்தை வெட்டினேன். நடுவில் அவன் எழுந்து ஓடியது, அழுதது, நான் கத்தியது எல்லாவற்றையும் வெட்டினேன். மிஞ்சியது நாற்பது நொடி. கூட்டத்தில் அன்று தட்டிய தட்டில் போனின் ஸ்பீக்கரே கரகரத்தது.

அதற்கடுத்த வியாழக்கிழமை காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையைக் கவனித்துக்கொள்ள இங்கே உதவி உண்டு. பிள்ளையால் எதெல்லாம் முடியாது என்பதைப் பொறுத்து எவ்வளவு உதவி என்று முடிவுசெய்ய ஒருவர் வந்து கேள்வி கேட்பார். நம்மூரில் அரசு அலுவலகத்தில் ஜன்னல் ஜன்னலாக நாம் போக வேண்டும், இங்கே ஜன்னலே வீட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். என் ஜெர்மன் இன்னும் நொண்டுகிறது. பதற்றம் வந்தால் எதைக் கேட்டாலும் 'யா' என்பேன். யா என்றால் ஆமாம். தானாகச் சாப்பிடுவானா? யா. தானாகக் குளிப்பானா? யா. தானாகப் பட்டன் போடுவானா? அதற்குக் கொஞ்சம் பெருமையாகவே யா.

யாழினி மேஜைக்கு அடியில் என் காலை நறுக்கென்று மிதித்தாள். பிறகு அவளே பேசி எல்லாவற்றையும் மாற்றினாள். குளிக்கத் தெரியாது, பட்டன் போடத் தெரியாது. நானும் தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் ஒவ்வொரு 'தெரியாது'க்கும் ஒரு கட்டத்தில் குறியிட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் யாழினி கேட்டாள். அவள் தமிழும் இப்போது என் ஜெர்மன் மாதிரிதான். "அப்பா, எனக்கு எத்தனை அண்ணன்?"

"என்னடி கேள்வி இது?"

"ஒரு அண்ணன் சனிக்கிழமை பட்டன் போடுறான். ஒரு அண்ணன் வியாழக்கிழமை போட மாட்டான். இதுல நம்ம அண்ணன் எது?"

அதிகப்பிரசங்கி என்று திட்டி உள்ளே போகச் சொன்னேன்.

4

இரண்டு நாள் கழித்து செல்வியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அண்ணாத்தே, முகிலன் வீடியோவத்தான் பாத்துகினே கீறேன். தெனம் தினேஷையும் குந்த வச்சி சொல்லித் தரேன். அவன் போட்டான்னா இவனும் போடுவான்ல?"

அவள் குரலுக்குப் பின்னால் தினேஷ் அலறிக்கொண்டிருந்தான். அந்த அலறல் எனக்குத் தெரியும். தன் கையைத் தானே கடிக்கும்போது வருவது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்துவைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்படியே மாதங்கள் ஓடின. விழாவுக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாயில் பிரஷ்ஷோடு ஹாலுக்கு வந்தேன். முகிலன் கண்ணாடி முன்னால் தனியாக நின்று சட்டையின் ஐந்தாவது பட்டனைப் போட்டு முடித்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. யாரும் பிடிக்கவில்லை. ஐந்தும் சரியான ஓட்டையில். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தை அல்ல, கையை. என் கையில் போன் இல்லை. உடனே ஐந்து பட்டனையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றிவிட்டு, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நான் போனை எடுத்துவருவதற்காகக் காத்திருந்தான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அவன் காத்துக்கொண்டே இருந்தான். கோமதி சமையலறையிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவன் சட்டைப் பட்டன்களைப் போட்டுவிட்டு, "வாடா, தோசை ஆறுது" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பட்டன் போடுகிறான் என்பது உண்மையாகிவிட்டது. கூட்டத்தில் அதை நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், தயவுசெய்து கைதட்டிவிடாதீர்கள். இனிமேல் சனிக்கிழமை போனைத் திறப்பதில்லை என்று அன்றைக்கு முடிவுசெய்தேன். ஆனால் செல்வியிடம் உண்மையைச் சொல்லாமல் விலக முடியாது. சொன்னால் அவள் என் முகத்தில் விழிப்பாளா என்பது தெரியாது. பத்து வருடத்தில் கோமதிக்கு அடுத்து நான் மனம்விட்டுப் பேசியது அவளிடம்தான். அவளை இழந்துவிடுவேனோ என்ற பயத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

5

வெள்ளானூரில் தம்பி வீட்டில் தங்கினோம். விழா அம்பத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில். ரெஜினா டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். முகிலனைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை, அவனுக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். உள்ளங்கையை நீட்டிக் காத்திருந்தார். அவன் வந்து ஒரு விரலால் தொட்டான். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் வைத்தே செல்வியிடம் பேசிவிட நினைத்தேன். நாற்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். அதற்குள் விளக்கை அணைத்து, திரையில் பத்து வருடத்துப் 'புதுசு'களை ஓட்டினார்கள். கடைசியில் என் நாற்பது நொடி. மண்டபம் அதிர்ந்தது. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முகிலன் இங்கேயே இருக்கான். மேடைக்கு வந்து ஒரு தடவ போட்டுக் காட்டட்டுமே!" என்று மைக்கில் கூப்பிட்டுவிட்டார். நான் எழுவதற்குள் யாரோ அவனை அன்பாக மேடையேற்றிவிட்டார்கள்.

நாற்பது பேரும் போனைத் தூக்கினார்கள்.

முகிலன் போன்களைப் பார்த்தான். பார்த்ததும் சட்டைப் பட்டன்களைக் கழற்றத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. மேலுதட்டில் மீசை அரும்பியிருக்கிற பிள்ளை. அத்தனை பெண்களுக்கும் ஆண்களுக்கும் முன்னால் நெஞ்சைத் திறந்துகொண்டு, செய்யச் சொன்னால் செய்துவிடுகிறேன் என்கிற முகத்தோடு நின்றான். நான் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

மேடைக்கு ஓடினேன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அவனை மறைத்து நின்றேன். "வேணாம்டா ராஜா. யாருக்கும் காட்ட வேணாம்" என்று சொல்லி நானே பட்டன்களைப் போட்டுவிட்டேன். அவசரத்தில் ஒன்று மாறிப்போனது. பிறகு மைக்கை வாங்கினேன்.

"இந்த வாரம் முகிலனுக்கு பாஸ்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். "விளையாட்டுக்குச் சொல்லல. அந்த வீடியோ வெட்டின வீடியோ. அதுல என் விரல் இருந்துச்சு, வெட்டிட்டேன். வாராவாரம் உங்ககிட்ட சொல்றதுக்காகவே இவன வேலை வாங்கிட்டு இருந்திருக்கேன். இப்ப இவன் எதைச் செஞ்சாலும் போனைத் தேடுறான். தப்பு உங்களோடது இல்ல, என்னோடது. என்னைத் தூக்கி நிறுத்தினது இந்தக் கூட்டம்தான். ஆனா இனிமே சனிக்கிழமை நான் வரல."

செல்வி எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்மேல கோபமா சார்?"

"ஐயோ டீச்சர், நீங்க இல்லைன்னா நான் ஏது?"

"பிள்ளைங்களுக்காக நான் அந்த விதிய வைக்கல. அப்பா அம்மா வாயத் தொறந்தாலே அழுதாங்க. அழாம பேச ஒரு வழி வேணும்னு வெச்சேன். உங்களுக்கு இப்ப அது வேணாம் போலிருக்கு. நல்லா சாப்பிடுங்க" என்று இலையில் இன்னொரு வடையை வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மேடைக்குக் கூப்பிட்டதற்காக முகிலனிடம் அவர் தனியாக மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு கோமதி சொன்னாள்.

6

செல்வி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தினேஷ், பச்சை டீ ஷர்ட்டில். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

"இன்னா அண்ணாத்தே, ஃப்ளைட்டு ஏறி வந்து ஊருக்கே மைக்ல சொல்றியே, எனக்கு ஒரு போன் அட்ச்சி சொல்ல மாட்டியா நீ?"

"பயமா இருந்துச்சு செல்வி. அன்னைக்கு தினேஷ் அலறினது எனக்குக் கேட்டுச்சு. எல்லாம் என்னால."

"ஒரு வாரம் அலறினான். அப்பால வுட்டுட்டேன். எனக்கு அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"வெட்ன வீடியோன்னு. எப்டி புடிக்கிறான்னு கத்துக்கலாம்னு நூறு வாட்டி பாத்திருப்பேன். மொத பட்டன் போடசொல்ல ஜன்னல்ல வெய்யிலு கீது. கடைசி பட்டன் போடசொல்ல இருட்டிக்கீது. அடப்பாவி, புள்ள பொயுது பூரா இதுக்கே குந்திகினு இருந்துக்கீதேன்னு அயுதேன். உன் மேல செம காண்டு. அப்பால என் மேலயே வந்துச்சு. நானும் அத்தத்தான பண்ணிகினு இருந்தேன்? போய் நாலு டீ சர்ட்டு வாங்கினு வந்தேன். பட்டனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாரு, ஜம்முனு கீறான்."

தினேஷ் ஜம்மென்றுதான் இருந்தான்.

"தெரிஞ்சுமா சொல்லல? எத்தனை சனிக்கிழமை பேசியிருக்கோம்!"

"சொன்னா வெக்கப்பட்டுகினு வராம பூட்வ. நீயும் வரலன்னா நான் யாராண்ட பேசறது? அதான் வாய மூடிகினு இருந்தேன். இப்ப பாரு, நான் சொல்லாமயே போற."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, அழுதேன். "கூட்டத்த விட்டுத்தான் போறேன் செல்வி. உன்ன விட்டு இல்ல."

"போறவங்க எல்லாரும் இப்டித்தான் சொல்லுவீங்க. இங்கர்ந்து போனவங்க எவங்க எனக்கு போன் அட்ச்சிக்கீறாங்க? சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரிந்து யாருமில்லை. அவள் தினேஷின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். டாட்டா காட்டவில்லை.

7

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, ஒரு மணிக்கு முகிலன் ஷூ மாட்டினான். நானும் மாட்டினேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கதவைத் திறந்த பிறகும் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். அப்புறம்தான் படியிறங்கினான்.

ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் போனோம். ஒன்றரை மணிக்கு எனக்கு உள்ளங்கை அரித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். யார் என்ன சொல்லியிருப்பார்கள், புதிதாக யாராவது வந்திருப்பார்களா என்று மனசு அம்பத்தூர் மாடியையே சுற்றியது. மூன்று மணி தாண்டியது. கூட்டம் முடிந்து செல்வி ரயில் ஏறியிருப்பாள் என்று கணக்குப்போட்டுப் போன் செய்தேன். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"இன்னா அண்ணாத்தே? எதுனா ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. சும்மாதான்."

"சும்மாவா?"

"ஆமா, சும்மா."

"முகிலன் இன்னா பண்றான்?" என்றாள்.

"புல்லுல மல்லாந்து படுத்திருக்கான்."

"அப்பால?"

"அவ்ளோதான். தினேஷ்?"

"பக்கத்துல குந்திகினு கீறான். அவ்ளோதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். ரயில் வேப்பம்பட்டு போய்ச் சேரும்வரை பேசினோம். கேன்டீனுக்குப் புதிதாக வந்த சமையல்காரனைத் திட்டினாள், நான் இந்த ஊர்க் குளிரைத் திட்டினேன். கைதட்டும்படியாக ஒரு விஷயம்கூட அதில் இல்லை.